தணிகாசலம் அண்ணனின் ஆமையும் நான் கொண்டுவந்த கம்பிகளும்

செய்தி வந்தபோது நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் வழக்கமான டீக்கடை, எதிரே தெரியாத முகங்கள் நாலு. மாமல்லபுரத்தில் மரத்தால் செய்த ஆமைக்குஞ்சு ஒன்று பலகையில் தானாக நடந்து இறங்கியதே, அதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று ஆரம்பித்து, அதை விலைபேச ஜப்பானிலிருந்து ஒருவன் வந்ததுவரை கொண்டுபோய்விட்டேன். ஜப்பான்காரனுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் போன் அடித்தது. ஏகாம்பரம்.

"டிரைவரண்ணா, எங்க கீற?"

"டீ குடிச்சிகினு கீறேன், சொல்லு."

"தணிகாசலம் அண்ணன் பூட்டாரு. காலைல பல்லு வெளக்கினு இருந்தவரு அப்டியே கெணத்தடில உக்காந்துட்டாராம். அவ்ளோதான்."

போனைச் சட்டைப்பையில் போட்டேன். நாலு பேரில் ஒருவர், "அப்பறம் ஜப்பான்காரன் இன்னா சொன்னான்?" என்றார். "ஜப்பான்காரன் யாரும் வரல. அந்த ஆமையும் நான் செய்யல" என்றேன். அவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறினேன்.

இதைப் படிக்கப்போகிறவர்கள் எங்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்தவர்கள். வருஷம் ஒருமுறை நாம் கூடும்போது கொடுக்கும் மலரில், "அண்ணனப் பத்தி நீதான் எழுதணும், கத சொல்றதுல உன்ன அடிச்சிக்க ஆளில்ல" என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டான். உண்மைதான், ஆளில்லை. நான் ஒன்பதாவது படித்தவன் என்று உங்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். எட்டுதான், அதுவும் பரீட்சை எழுதவில்லை. நான் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது உங்கள் வழக்கம். இதில் தள்ள வேண்டாம்.

திருக்கழுக்குன்றத்தில் கிளம்பி, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ் அது. நான் அதன் டிரைவர். முதல் ஸ்டாப்பில் முதல் ஆளாக ஏறுகிறவர் தணிகாசலம் அண்ணன். டூல் ரூமில் வேலை. ஊரெல்லாம் ஓடுகிற வண்டிகளுக்கு உள்ளே போகும் உதிரிபாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. எனக்கு நேர் பின்னால் ஜன்னல் சீட்டு அவருடையது. மடியில் சாப்பாட்டுக் கூடை, சட்டைப்பையில் மைக்ரோமீட்டர். தலைமுடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லும் கருவி அது. அவர் ஒருமுறை என் தலைமுடியைப் பிடுங்கி அளந்தே காட்டியிருக்கிறார். அப்போது எனக்கு முடி இருந்தது.

கொளவாய் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடிய வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற கம்பெனி வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டிவிட்டன. நான் முதல் கியரிலேயே, ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காமல், அறுபது பேரையும் அக்கரை சேர்த்தேன். அன்று மத்தியானம் கேன்டீனில் அதைச் சொல்லும்போது தண்ணீர் ஸ்டியரிங் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே நிமிராமல் சொன்னார்:

"டிரைவரே, எறங்கி வண்டிய பாத்தேன். சேறு கோடு போட்டுக் கீது. ஒண்ணேகால் அடி."

"அண்ணாத்த, ஒரு ரெண்டு அடியாச்சும் குடு."

"ஒண்ணர வரைக்கும் குடுக்கலாம். அதுக்கு மேல அந்தக் கோடு ஒத்துக்காது."

அப்படித்தான் எங்கள் சிநேகம் ஓடியது. நான் ஊதுவேன், அவர் அளப்பார். நான் பத்தடிப் பாம்பு என்றால் அவர் நாலில் நிறுத்துவார். ஒருநாளும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. "கொஞ்சம் கொறச்சிக்கோ" என்பார், அவ்வளவுதான். அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் அவ்வளவு ஊதினேன் என்று இப்போது தோன்றுகிறது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே பிடித்து நிறுத்த ஆள் இருந்தது.

ரிடையர் ஆன பிறகு ஒரு மாசி மாதம், அவரும் சுகுணா அண்ணியும் நானும் மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலுக்கு விடுகிறவர்கள் அன்று ஒரு கூடை கொண்டுவந்திருந்தார்கள். கூட்டமெல்லாம் போட்டோ எடுத்தது. அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னம் தரையில். குஞ்சு எந்தத் துடுப்பை முதலில் வைக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க.

"எந்திரிங்க, ஊரே பாக்குது" என்றார் அண்ணி.

"இரு. வலது முன்னு, இடது பின்னு. சாயுது. அந்த சாய்வுலதான் நடக்குது, பெலத்துல இல்ல."

"கடல் வேற கிட்ட வருது."

"வரட்டும், இன்னும் நாலு அடி கீது."

வழியில் கடைகளில் பேட்டரி ஆமை விற்றார்கள். ஒன்றை வாங்கித் திருகினார். ரெண்டு நாளில் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்தவர் மாம்பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேட்டரி வேண்டாம், சாவி வேண்டாம். லேசாகச் சாய்த்த பலகையில் வைத்தால் குஞ்சு தன் எடையாலேயே இப்படியும் அப்படியும் சாய்ந்து, துடுப்பை மாற்றி மாற்றி வைத்து இறங்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

மரமெல்லாம் அவர் கையில் வெண்ணெய். சிக்கல் துடுப்பு மாட்டும் இடத்தில் வந்தது. ஒரு துடுப்புக்கு ஒன்றாக நாலு குட்டி இரும்புக் கம்பி வேண்டும், தீக்குச்சியில் பாதி நீளம், ஊசி மாதிரி வழவழப்பு. அதன்மேல் சுழல நாலு குட்டி உருளை வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது லட்சக்கணக்கில் வந்து இறங்கும். ஒரு பொம்மைக்கு நாலு வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். செங்கல்பட்டில் ஒரு இரும்புக் கடையில் அவரை அழைத்துப்போனேன்.

"எத்தினி கிலோ வேணும்?" என்றார் கடைக்காரர்.

"நாலு" என்றார் அண்ணன்.

"நாலு கிலோவா?"

"நாலு கம்பி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா டிரைவரே, காலங்காத்தால நாந்தான் கெடச்சனா?"

வெளியே வந்ததும் அண்ணன் முகம் வாடியிருந்தது. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அண்ணாத்த, நீ இதுக்கா கவலப்படற? மறைமலைநகர்ல நான் கை தட்டுனா நாப்பது வொர்க்ஷாப்காரன் வருவான். கம்பி என் பொறுப்பு."

கை தட்டினால் ஒருவனும் வரமாட்டான். முதலில் பழைய குடைக்கம்பியை வெட்டிக் கொண்டுபோனேன். மைக்ரோமீட்டரில் ஒருமுறை வைத்தார், கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை வைத்தார். "இது வட்டம் இல்ல டிரைவரே, முட்ட." சைக்கிள் ஆரக்கம்பி கொண்டுபோனேன். கனம். பேனா ரீஃபில், தையல் ஊசி, கவரிங் கடைத் திருகாணி என்று எடுத்துப்போனேன். ஒவ்வொன்றுக்கும் "நல்லாத்தானே கீது" என்பேன். "நல்லாக் கீதுன்றது ஒரு அளவு இல்ல" என்பார். டூல் ரூமில் அவர் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை காதில் இன்னும் கேட்கும்.

அப்புறம் ஒருநாள் பரணில் வேறெதையோ தேடும்போது பஸ்ஸில் நான் போட்ட கேசட் பெட்டி கைக்கு வந்தது. ஒன்று உடைந்திருந்தது. உள்ளே பார்த்தால், நாடா திரும்பும் ரெண்டு மூலையிலும் ரெண்டு வெள்ளை உருளை, ரெண்டு வழவழப்பான இரும்புக் கம்பி. ஒரே கம்பெனி கேசட் இருபது இருந்தது. இருபதையும் உடைத்தேன். நாற்பது கம்பி, நாற்பது உருளை. நீங்கள் காலையும் மாலையும் கேட்டுத் தலையாட்டிய பாட்டெல்லாம் கொல்லையில் நாடாவாகக் கிடந்தது.

அண்ணன் ஒவ்வொன்றாக அளந்தார். நாற்பதும் ஒரே அளவு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "இன்னா சுத்தம் டிரைவரே. எங்க புடிச்ச?"

பழைய கேசட் என்று சொல்ல ரெண்டு வார்த்தை போதும். ஆனால் கை தட்டினால் நாற்பது பேர் என்று சொன்னவன் பரணில் பொறுக்கினேன் என்று எப்படிச் சொல்வது? "மறைமலைநகர்ல பாஸ்கர்னு ஒருத்தன். சொந்தமா ஷெட்டு வெச்சிக்கீறான். எக்ஸ்போர்ட் சரக்கு. எவ்ளோ வேணும்னாலும் குடுப்பான்" என்றேன்.

பாஸ்கர் என்று ஒருவர் கிடையாது. ஆனால் நான் உண்டாக்கினால் அரைகுறையாக உண்டாக்குவேனா? பாஸ்கருக்கு ரெண்டு லேத் மெஷின் கொடுத்தேன், ஒரு பெண்ணைக் கொடுத்தேன், அந்தப் பெண்ணுக்கு சிறுசேரியில் வேலை வாங்கிக்கொடுத்தேன். அண்ணன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியபோது, பாஸ்கருக்கு முட்டிவலி கொடுத்து வைத்தியத்துக்கு வெளியூர் அனுப்பினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "பாஸ்கர் முட்டி எப்டி கீது?" ஒருநாள் ஒரு புட்டித் தைலம் கொடுத்து, "காலைல சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துட்டு இத்தத் தேய்க்கச் சொல்லு" என்றார். அதை என் முட்டியில் தேய்த்துக்கொண்டேன். நல்ல தைலம், வலி நின்றது. மறுவாரம் "பாஸ்கர் இப்ப மாடி ஏறுறான் அண்ணாத்த" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஆமைக்குஞ்சு நடந்த நாளில் நான் அங்கே இருந்தேன். அண்ணியின் சப்பாத்திப் பலகையை ஒரு புத்தகத்தின்மேல் சாய்த்து, உச்சியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். ஒரு நொடி யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் வலப்பக்கம் சாய்ந்தது, இடது துடுப்பு முன்னால் வந்தது. டக், டக், டக் என்று இறங்கித் தரையில் நின்றது. அண்ணி, "இன்னொரு வாட்டி விடுங்க" என்றார். அண்ணன் விட்டார். மூன்று பேரும் சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நந்தினி அம்மா மாமல்லபுரத்தில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கிறவர். வெளியூர்க் கடைகளுக்கும் சரக்கு அனுப்புகிறவர். ஆமையைப் பார்த்ததும், "நாப்பது பண்ணிக் குடுங்க சார். என்கிட்ட வாங்குறவங்க எல்லாரும் வர்ற நாள் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு காட்டலாம். புடிச்சா வருஷத்துக்கும் ஆர்டர் வரும்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கம்பி கெடைக்குமா டிரைவரே? நூத்தி அறுபது வேணும்." ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்துபோன மனிதருக்கு மறுபடியும் காலையில் குளித்துவிட்டு உட்கார ஒரு வேலை. இதில் இருந்தது அதுதான், அது எனக்கு நன்றாகத் தெரியும். "பாஸ்கர் கிட்ட சொல்லிட்டேன்னு வெச்சிக்கோ" என்றேன்.

என்னிடம் மிச்சம் இருந்தது முப்பத்தாறு. மீதிக்கு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று பழைய சாமான் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். எந்தக் கம்பெனி கேசட் கிடைத்தாலும் வாங்கினேன். உடைத்த கம்பிகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. விரலால் தடவினேன், வித்தியாசம் தெரியவில்லை. நூற்று அறுபது எண்ணி, உருளைகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பாஸ்கர் கொடுத்ததாகக் கொடுத்தேன்.

மறுநாள் போன் செய்து வரச்சொன்னார். போனேன். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துக் கம்பிகளை நாலு குவியலாக வைத்திருந்தார்.

"டிரைவரே, இது ஒரே சரக்கு இல்ல. நாலு வெதமா வருது."

"அதெப்டி? ஒரே மெஷின்ல வந்தது."

"மொத குவியல் சரி. இந்த ரெண்டு கொஞ்சம் தடிப்பு. இது மெலிசு. தலமுடில பாதிதான் வித்தியாசம். ஆனா துடுப்பு பிடிக்கும், இல்ல ஆடும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். துணி விரித்துக் குவித்து வைத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டு நின்றார் அவர். "பழைய கேசட் அண்ணாத்த" என்றால், தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அத்த மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று நாலு குவியலுக்கும் நாலு அளவில் உருளையைத் தேர்ந்து மாட்டியிருப்பார். அது அவருக்கு அரைநாள் வேலை. நான் வேறு மாதிரி சொன்னேன்.

"அண்ணாத்த, தப்பா நெனைக்காத. பாஸ்கர் சர்டிபிகேட்டோட குடுத்த சரக்கு. உனக்கு கண்ணு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்கூட ஆவல. அந்தக் கோடெல்லாம் எறும்பு கால் மாதிரி கீது. நீ பழைய ஆளுன்னு நெனச்சிகினு கீற."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடியும் ஒரு கம்பியை அளந்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் அளந்தார். அப்புறம் கருவியைக் கீழே வைத்தார். பெரிய சத்தம் இல்லை. மேஜையில் இரும்பு படும் அளவு.

"இருக்கும்" என்றார்.

நாலு குவியலையும் கையாலேயே ஒன்றாகச் சேர்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதையும் செய்து முடித்தார். ஒவ்வொன்றையும் பலகையில் ஒருமுறை விட்டுப் பார்த்தார். இறங்கின. சில தள்ளாடின. "இதுங்கள எடுத்துடலாமா?" என்று என்னைக் கேட்டார். வாழ்நாளில் ஒரு அளவு விஷயத்தில் அவர் என்னைக் கேட்டது அதுதான். "நல்லாத்தானே கீது" என்றேன். அவர் அதுகளையும் பெட்டியில் வைத்தார்.

நந்தினி அம்மா கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நீளப் பலகை போட்டு ஆமைகளை வரிசையாக விட்டார்கள். முதல் முறை எல்லாம் நடந்தது, கை தட்டினார்கள். ஒருவர், குழந்தைகள் ஒருமுறையா விளையாடும், தொடர்ந்து பத்துமுறை விடுங்கள் என்றார். நாலாவது முறையில் ஒன்று பாதி வழியில் நின்றது. அடுத்த முறையில் ஏழெட்டு நின்றன. ஒன்று துடுப்பு ஆடிக் கவிழ்ந்து விழுந்தது. "ஆமதானே, மெதுவா வரும்" என்று யாரோ சிரித்தார்கள். நந்தினி அம்மா அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாக, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"என் அளவு தப்பும்மா" என்றார் தணிகாசலம் அண்ணன். "கண்ணு ஆபரேஷன் ஆனதுலருந்து தெரியல. சரக்கு குடுத்தவரு மேல ஒண்ணும் இல்ல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் அவர்கள் கொடுத்த மோர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது பேசுவேன் என்று. நானும் பேசினேன். "வயசாவுதில்ல" என்றேன்.

ஆர்டர் வரவில்லை. அதைவிடப் பெரியது மற்றொன்று. அதற்குப் பிறகு அவர் எதையும் அளக்கவில்லை. மைக்ரோமீட்டரை டூல் ரூமில் அவரிடம் வேலை கற்ற ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். அண்ணி சோற்றுக்கு அரிசி எவ்வளவு போடட்டும் என்றால்கூட, "நீயே பாத்துக்கோ" என்றாராம். ஒருநாள் அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று, பாலாற்றுப் பாலத்தில் பிரேக் பிடிக்காமல் நான் பஸ்ஸை நிறுத்திய கதையை எடுத்தேன். வேண்டுமென்றே வேகத்தை நூற்றுப்பத்துக்கு ஏற்றினேன். அந்த வண்டி எழுபதைத் தாண்டினால் குலுங்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னை அங்கே பிடித்து நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.

"இருக்கும் டிரைவரே" என்றார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லிவிடலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம், அவர் கொஞ்சம் தெளியட்டும் என்று தள்ளினேன். நான் எதையும் ஊதிப் பெரிசாக்குவேனே தவிர, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழக்கமில்லை. பழகுவதற்குள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் ஏகாம்பரம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "முப்பது வருஷம் அளவு தப்பாத மனுஷன். கடைசியில ஒரு ஆமை அவரத் தோக்கடிச்சிருச்சு" என்றான். பிரியமாகத்தான் சொன்னான். நீங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். ஏகாம்பரம், உன்மேல் தப்பில்லை. அவரே உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், நான் சொல்லவைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அண்ணி என்னிடம் ஒரு துணிப்பை கொடுத்தார். "தம்பி, இத்த அந்த பாஸ்கர் கிட்ட சேத்துடுங்க. பாஸ்கருக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு."

வீட்டில் போய்ப் பிரித்தேன். நாற்பது ஆமைகளையும் பிரித்து எடுத்த நூற்று அறுபது கம்பிகளும் சின்னக் காகிதப் பொட்டலங்களில் இருந்தன. கூடவே ஒரு முழுநீளத் தாள். ஒன்று முதல் நூற்று அறுபது வரை எண் போட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் நேரே அளவு. நான் வந்து அவர் வாயை அடைப்பதற்கு முன்னால் எழுதியது. அடியில் வேறு பேனாவில், பிறகு எழுதிய மூன்று வரி: "மேற்கண்ட அளவுகள் தவறு. என் கண் பழுது. திரு. பாஸ்கர் மேல் குறை ஒன்றும் இல்லை."

அந்தப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு மறைமலைநகர் போனேன். இந்தமுறை நிஜமாகவே ஒரு வொர்க்ஷாப்பைத் தேடி, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் கெஞ்சி, எல்லாவற்றையும் அளந்து சொல்லச் சொன்னேன். "எதுக்கு சார் இது?" என்றார். "ஒருத்தரு சொன்னது சரியான்னு பாக்கணும்" என்றேன். டிஜிட்டல் கருவி, எண் தானாக வரும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த அளவு தாளில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக் கணக்கு வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. முடித்ததும் அவர், "அளந்தவரு யாரு சார்? இங்க வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே திருக்கழுக்குன்றம் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வதை நிறுத்தவில்லை.

"அப்ப பாஸ்கர்னு ஒருத்தரே இல்லியா?"

"இல்ல அண்ணி."

"அந்தப் பொண்ணு?"

"இல்ல."

"தைலம்?"

"நாந்தான் தேச்சிக்கினேன்."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த முட்டிக்காக இவரு மலை ஏறி வேண்டிக்கினு வந்தாரு தம்பி. மூணு நாளு கால் நீட்ட முடியாம படுத்திருந்தாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி வைக்க எழுந்தார், பிறகு ஏனோ வைக்காமல் உட்கார்ந்தார். தாளின் கடைசி மூன்று வரியை அடித்துவிடட்டுமா என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அண்ணியின் குரல் உயர்ந்தது.

"அவரு எழுதுனதுல கை வெக்காதீங்க. அது அவரு நம்பி எழுதுனது. நீங்க எழுத வேண்டியத தனியா எழுதுங்க. பஸ்காரங்க எல்லாம் படிக்கட்டும்."

அதனால்தான் எழுதினேன். அவர் அளவு தப்பினார் என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள், சிரித்துக்கொண்டும் சொல்லாதீர்கள். ஒரு மனிதர் தன் கண்ணைவிட சிநேகிதன் வாயை நம்பினார், அங்கே மட்டும்தான் தப்பினார். அண்ணி அந்தத் தாளை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தண்டனையாகச் சொன்னாரா, தெரியாது. பாஸ்கருக்கு என்று மடித்த மடிப்பிலேயே வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை பிரித்து, ஒன்றாம் எண்ணிலிருந்து படிக்கிறேன். நூற்று அறுபது அளவு. நூற்று அறுபதும் சரி.